வன்னியிலிருந்து வெளிநாடு: கடதாசி, காணி, பிரிவு

இலங்கையின் வடக்கே, வன்னியில் அநேகமான வீடுகளில் ஒரு பை இருக்கும். அலுமாரியின் மேல்தட்டிலோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ, இரண்டு மூன்று பொலித்தீனால் சுற்றி, றப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார்கள். இறுதிப் போரில், 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று சனம் நகர்ந்தபோது நெல் மூட்டையை விட்டுவிட்டும் தூக்கிக்கொண்டு போன பை அது. பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருந்தன. பலருடைய பை மாத்தளன் வர முன்னரே பங்கருக்குள் புதைந்துபோனது. சிலருடையது நந்திக்கடல் தண்ணீரில் நனைந்து எழுத்தழிந்தது.

வெளிநாடு போக நினைப்பவர் முதலில் திறக்க வேண்டியது இந்தப் பையைத்தான். அநேகம் பேர் அதைக் கடைசியாகத் திறக்கிறார்கள். முதலில் ஏஜென்சி, பிறகு காசு, பிறகு பாஸ்போட். விசாப் படிவத்தை நிரப்ப உட்காரும்போதுதான் அப்பாவின் பெயர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக இருப்பது தெரியவரும். அதற்குள் நகை அடகுக்குப் போய் வட்டி ஓடத் தொடங்கியிருக்கும்.

ஒரு பெயர், மூன்று எழுத்து

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கலும் இல்லாத பெயர் ஆங்கில எழுத்துக்குப் போகும்போது உடைந்துபோகிறது. தர்மலிங்கம் என்ற பெயர் ‘ரி-எச்’ என்று தொடங்குமா, ‘டி-எச்’ என்று தொடங்குமா, வெறும் ‘டி’யோடு நிற்குமா? அடையாள அட்டைக்கு ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி இருக்கும், ஓ.எல். பெறுபேற்றில் வேறு மாதிரி. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால், மொழிபெயர்ப்பாளர் தன் பழக்கத்துக்கு ஏற்ப நான்காவது எழுத்தைப் போடுவார். விசா அதிகாரிக்கு இவர்கள் நான்கு ஆட்கள்.

இதற்கு வழி சுலபம், ஆனால் வரிசை முக்கியம். பாஸ்போட்டில் வரப்போகும் எழுத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கல்விச் சான்றிதழ் திருத்துவதற்குக் கடினமானது என்பதால், படிக்கப் போகிறவர் அதில் உள்ள எழுத்தையே பாஸ்போட்டுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு அந்த எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி, பாஸ்போட் கொப்பியோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கேட்டால் அதன்படி போடுவார்கள். கேட்காவிட்டால் தங்களுக்குத் தெரிந்தபடிதான் போடுவார்கள்.

ஓரிரு எழுத்து வித்தியாசம் என்றால் ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்ற சத்தியக்கடதாசி பெரும்பாலும் காப்பாற்றும். பிறந்த திகதி மாறியிருந்தால், தகப்பன் பெயரே வேறாக இருந்தால், சத்தியக்கடதாசி போதாது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் சான்றிதழையே திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும். விசாவுக்குப் போட்டபின் இந்த வேலையைத் தொடங்கினால், முதல் விண்ணப்பத்தில் ஒரு திகதியும் இரண்டாவதில் இன்னொரு திகதியும் ஏறிவிடும். பிழையைத் திருத்தப் போய்ப் பொய்யன் ஆகிவிடுவது இப்படித்தான்.

இன்னொன்று குடும்பப் பெயர். பாஸ்போட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் அப்பாவின் பெயரைப் போடுகிறோம். ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் வரிசையில் இருக்கும்போது செத்துப்போன தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழும்பிப் போக வேண்டும். பழகிப்போகும். ஆனால் புருசனுக்கு ஒரு குடும்பப் பெயர், பெண்சாதிக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று என்று இருப்பதால் விமான நிலையத்தில் ‘இந்தப் பிள்ளை உங்களுடையதா’ என்று நிறுத்துவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

பாஸ்போட் எடுப்பது முன்பைவிடச் சுலபம். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேலான பாஸ்போட்டுகள் கொடுக்கப்பட்டன. வவுனியா பிராந்திய அலுவலகத்து வரிசையில் சனம் பாய் போட்டுப் படுத்தது அப்போதுதான். 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் திறந்தபின் பரந்தனுக்கு வடக்கே உள்ளவர்கள் அங்கேயும் போகலாம்.

பங்கரில் பிறந்த பிள்ளை, முகாமில் கட்டிய தாலி

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். 3 மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. 2009 தை மாதத்துக்கும் வைகாசிக்கும் இடையில் பிறந்த பிள்ளைக்கு அந்த 42 நாளும் பங்கருக்குள்ளேயே போயிற்று. செட்டிகுளத்து முகாம்களிலும், மீளக்குடியேறிய பின் நடமாடும் சேவைகளிலும்தான் பலருக்குப் பதிவு நடந்தது. அந்த அவசரத்தில் எழுதிய சான்றிதழ்களில் பிறந்த இடமும் திகதியும் பிழைத்திருக்கலாம். அந்தப் பிள்ளைகள் இப்போது அடையாள அட்டை எடுத்து, ஸ்ருடன்ற் விசா பற்றி விசாரிக்கிற வயதில் நிற்கிறார்கள். இன்னும் பதியாமல் இருந்தால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கிளினிக் அட்டை அல்லது ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, பெற்றோரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கிளினிக் அட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பழைய கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள்.

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு பயணமும் இருக்கிறது. 1970களிலும் 1977 கலவரத்துக்குப் பின்னும் மலையகத்திலிருந்து வந்த பெற்றோரின் பிறப்புப் பதிவு நுவரெலியாவிலோ பதுளையிலோ கிடக்கும். வெளிநாட்டுப் படிவங்கள் பெற்றோர் பிறந்த இடத்தையும் கேட்கும். ஊகித்து எழுதாமல் அங்கே போய்ப் பிரதி எடுப்பது ஒரு நாள் பஸ் செலவோடு முடிகிற காரியம்.

திருமணம் இதைவிடச் சிக்கல். புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து 2007, 2008இல் பதினாறு பதினேழு வயதில் கட்டிவைத்த சோடிகள் வன்னியில் எவ்வளவோ. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு இல்லை. புலிகளின் நிர்வாகத்தில் பதிந்தவர்களின் கடதாசியை அரசாங்கம் ஏற்பதில்லை. பின்னர் பதிந்தால் சான்றிதழில் வரும் திகதி பதிந்த நாளின் திகதி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா’ என்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் ‘இல்லை’ என்றிருக்க, விசாப் படிவத்தில் அந்தப் பிள்ளை பிறக்க முன்னரே கலியாணம் நடந்ததாக எழுதினால் அதிகாரி கட்டாயம் கேட்பார். இங்கே பொய் யாரும் சொல்லவில்லை. எது சடங்கு, எது பதிவு என்று இரண்டு திகதியையும் தனித்தனியே எழுதி, ஏன் இடைவெளி என்று அரைப் பக்கக் கடிதம் வையுங்கள். போரும் இடப்பெயர்வும் அதிகாரிகளுக்குத் தெரியாத விசயம் அல்ல. ஒளித்தால்தான் சந்தேகம்.

அடுத்தது, வன்னியைத் தவிர வேறெங்கும் இவ்வளவு பேருக்கு வராத சிக்கல். புருசன் 2009இல் காணாமல் போனவர். பெண்சாதி தன் பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கப் போனால் தகப்பனின் சம்மதக் கடிதம் எங்கே என்ற கேள்வி வரும். மரணச் சான்றிதழ் எடுத்தால் கேள்வி முடியும். ஆனால் இராணுவத்திடம் உயிரோடு கையளித்த ஆளுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க எத்தனையோ பெண்கள் இன்றைக்கும் சம்மதிப்பதில்லை. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டமே அந்தச் சம்மதமின்மைதான். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு ‘காணப்படாமைச் சான்றிதழ்’ என்ற நடுவழி வந்தது. காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் விசாரணையின் பேரில் பதிவாளர் நாயகம் திணைக்களம் கொடுப்பது. ஆள் இறந்ததாக அது சொல்லாது. பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் சொத்து விசயங்களுக்கும் உதவும். திருமணத்தை அது கலைக்காது என்பதால், வெளிநாட்டில் மறுமணம் செய்ய நினைப்பவருக்கு அது போதாது. எதை எடுப்பது என்று அந்தப் பெண்தான் முடிவெடுக்க வேண்டும். ஏஜென்சிக்காரன் ‘மரணச் சான்றிதழ் எடுத்தால் கெதியாக முடியும், அக்கா’ என்று அவசரப்படுத்த அவனுக்கு ஒரு உரிமையும் இல்லை.

அந்த ஒரு கேள்வி

ஆயுதக் குழு எதிலாவது இருந்தீர்களா, அதற்கு உதவினீர்களா என்று கனடா, பிரித்தானியா உட்பட அநேக நாடுகளின் படிவம் கேட்கும். புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997இலும் பிரித்தானியா 2001இலும் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடை செய்தன. வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போன காலத்தில் வன்னியில் இருந்தவர், அவர்களின் வங்கியிலோ காவல்துறையிலோ சம்பளத்துக்கு வேலை செய்தவர், போருக்குப் பின் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முடித்து வந்தவர் எல்லாருக்கும் இந்தக் கட்டத்தில் பேனை நடுங்கும். ‘இல்லை’ என்று போடச் சொல்லித்தான் புறோக்கர் சொல்வான். பிடிபட்டால் கனடாவில் தவறான தகவலுக்கு 5 வருடத் தடை, பிரித்தானியாவில் ஏமாற்றுக்கு 10 வருடம். புறோக்கரின் பெயர் படிவத்தில் எங்கேயும் இருக்காது. இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியவர்கள், போகும் நாட்டில் உரிமம் உள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேட்க வேண்டும். முழுப் பயணத்திலும் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

எந்த வாசல் திறந்திருக்கிறது

வன்னியிலிருந்து சட்டப்படி போகும் பாதைகளில் கலியாணம் பெரியது. மாப்பிள்ளை எந்த நாடு என்பதைப் பொறுத்து விதி தலைகீழாக மாறும். பிரித்தானியா என்றால் கூப்பிடுபவருக்கு 2024 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 29,000 பவுண் வருமானம் வேண்டும். போகிறவருக்கு ஏ-1 என்ற ஆரம்ப மட்டத்தில் ஆங்கிலப் பேச்சும் கேட்டலும் வேண்டும். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில் செய்ய வேண்டும், அந்தச் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும். விசாக் கட்டணத்துக்கு மேலே சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண். சம்பந்தம் பேசும்போது சீதனம் பேசுகிறார்கள், இதை யார் கட்டுவது என்று பேசுவதில்லை. ஜேர்மனிக்குப் பொதுவாக ஏ-1 ஜேர்மன் மொழி வேண்டும், மாப்பிள்ளையின் வதிவிட வகையைப் பொறுத்து விலக்கு உண்டு. கனடாவில் மொழிப் பரீட்சை இல்லை. ஆனால் கூப்பிட்டவர் 3 வருடத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். கலியாணம் உண்மையா என்று பார்ப்பதற்குப் படமும் வட்ஸ்அப் உரையாடலும் கேட்பார்கள். பதிவுத் திருமணத்தில் இரண்டு பேர் மட்டும் நின்ற ஐந்து படத்தைவிட, தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு தொட்டு இரண்டு வீட்டாரும் நிற்கிற இருபது படம் பலமானது. ஐயர் யார், சாப்பாடு எங்கே என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இருவரும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

அப்பா அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட நிரந்தர வழி இறுகிவிட்டது. 2020இல் விருப்பப் படிவம் போட்டவர்களிலிருந்தே பல வருடமாக ஆள் எடுத்தார்கள். அதனால் பெற்றோர் நீண்ட நாள் வந்து நிற்கிற சுப்பர் விசாதான் நடைமுறை வழி. ஒரு தடவை போனால் 5 வருடம் வரை நிற்கலாம். ஆகக் குறைந்தது 1,00,000 கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். சீனி வருத்தமும் பிரசரும் உள்ள எழுபது வயது ஆளுக்கு அந்தக் காப்புறுதியின் விலையை முதலே விசாரித்துவிட்டு ரிக்கெற் பாருங்கள். ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கு அது பணம் கட்டுமா என்பதையும் வாசியுங்கள்.

படிக்கப் போகும் வழியில் வங்கிக் கணக்குத்தான் இடறுகிறது. பிரித்தானியாவுக்குக் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. கனடா, தனி ஆளின் ஒரு வருடச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 2024இல் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆக்கி, 2025 செப்ரெம்பரில் 22,895க்கு உயர்த்தியது. கல்லூரிக் கட்டணம் இதற்கு வெளியே. வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுகிற வேலை இங்கே நடக்கிறது. வெறுமையாகக் கிடந்த கணக்கில் திடீரென்று 60 லட்சம் விழுந்தால், காசு எங்கிருந்து வந்தது என்பதற்குக் காணி விற்ற உறுதியோ கடன் பத்திரமோ கேட்பார்கள். பிரித்தானியாவில் பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர் 2024 ஜனவரி தொடக்கம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ‘பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்’ என்று இன்னும் யாராவது காசு கேட்டால் அவர் பழைய சரக்கை விற்கிறார். முதியோர் பராமரிப்பு வேலை விசாவும் அப்படித்தான். 2025 யூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரித்தானியா நிறுத்திவிட்டது.

மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களில் பலர் நுண்கடன் கட்ட முடியாமல் போகிறவர்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டுதான் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், சுற்றுலா விசாவில் ஏறாதீர்கள். 2022இல் ஓமானுக்கு அப்படிக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் நிலை நாடு முழுக்கத் தெரிந்தது. ஏஜென்சியின் உரிம எண்ணையும் அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். ஒப்பந்தத்தையும் பாஸ்போட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்து வீட்டில் ஒருவரின் போனுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள், போன வீட்டில் பாஸ்போட்டை வாங்கி வைத்துவிடுவார்கள்.

கடலால் போவது பற்றிச் சுருக்கமாக. 2013 முதல் அவுஸ்திரேலியா படகுகளைத் திருப்பி அனுப்புகிறது. 2021இல் கனடா என்று ஏறியவர்கள் டியாகோ கார்சியாத் தீவில் 3 வருடம் கூடாரத்தில் கிடந்தார்கள். 2022 நவம்பரில் 303 பேரோடு தத்தளித்த படகை ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்டு வியட்நாமில் இறக்கியது. அவர்களும் கனடா என்றுதான் ஏறினார்கள்.

வட்டிக் கணக்கு

25 லட்சம் கடன், நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைப்போம். மாதம் 75,000, வருடம் 9 லட்சம், முதல் அப்படியே நிற்கும். நூற்றுக்கு ஐந்து என்றால் மாதம் ஒன்றேகால் லட்சம். விசா ஆறு மாதம் இழுத்தால், ஆள் ஏற முன்னரே ஏழரை லட்சம் போய்விடும். போன இடத்தில் வேலை எடுக்க இன்னும் சில மாதம். அகதி வழக்குப் போட்டவருக்கு வேலை அனுமதி வர நாட்டுக்கு நாடு வேறு கணக்கு. ஆகவே கடனின் அளவைப் பயணச் செலவை மட்டும் வைத்துப் பார்க்காமல், ஒரு வருட வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். வங்கியில் நகை அடகு வைப்பது இருப்பதில் தீங்கு குறைந்தது. சீட்டை ஏலத்தில் தள்ளி எடுப்பது அடுத்தது. ஆக மோசமானது காணியை எழுதிக் கொடுப்பது.

காணி

காணி விசயத்தில்தான் வன்னிக்காரர் அதிகம் இழக்கிறார்கள். விசுவமடு, தர்மபுரம், முத்தையன்கட்டு, இரணைமடுவின் கீழ் உள்ள குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆனால் வெளிநாட்டுக் காசுக்காக முத்திரை ஒட்டிய தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். வாங்கினவருக்கும் அது செல்லாது, விற்றவருக்கோ விதி மீறியதாகப் பெர்மிட் ரத்தாகலாம். இரண்டு பக்கமும் தோற்கிற வியாபாரம்.

பெர்மிட்டிலோ அளிப்புப் பத்திரத்திலோ பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணி சேர வேண்டியவர்) என்று ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். தகப்பன் பாசத்தில் மூத்த மகனைக் குறித்திருப்பார், மகன் பாரிசில் இருப்பார். தகப்பனும் தாயும் இறந்தபின் பின்னுரித்தாளர் 6 மாதத்துக்குள் காணியில் இறங்கி ஆட்சி எடுக்காவிட்டால் உரிமை தவறும். மகனின் அகதி வழக்கு முடியாமல் இருந்தால் 6 மாதத்துக்குள் அவர் எப்படி வருவார்? ஊரில் இருக்கிற மகளின் பெயரை முதலே குறித்து வைத்திருந்தால் இந்தத் தலையிடி இல்லை. பிரதேச செயலகக் காணிக் கிளையில் உயிரோடு இருக்கும்போது மாற்றலாம்.

உறுதி எழுதிய சொந்தக் காணி உள்ளவர்கள் குடியுரிமையைக் கவனிக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகும், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை உரிமை மாற்ற முடியாது. முதுசமாக வருவதற்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு. தம்பியின் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்துத் தம்பியோடு வழக்காடுகிறவர்கள் பலர் இந்தச் சட்டத்தை அறியாதவர்கள்.

வயல் இன்னொரு விதம். மாரி மழையோடு செய்கிற காலபோகத்துக்கு விதைத்துவிட்டுப் போகிறவர், குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோகத்துக்கு யார் என்று நினைக்க வேண்டும். இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எல்லாருக்கும் வராது. பங்கு பேசும் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பு வழியாகக் கதைக்க ஒரு ஆள் வேண்டும். குத்தகைக்கு விட்டால் எத்தனை போகம், எவ்வளவு நெல் அல்லது காசு என்று எழுதுங்கள். கமநல சேவை நிலையத்தில் அந்த வயலுக்கு யாருடைய பெயர் ஏறுகிறது என்றும் பாருங்கள். உர மானியம் அந்தப் பெயருக்குத்தான் வரும். சொந்தக்காரன்தானே என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வரம்பு இடம் மாறியிருக்கும்.

போக முன்னர் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரம்) எழுதிப் பதியுங்கள். விற்கும் அதிகாரத்தையும் பார்க்கும் அதிகாரத்தையும் பிரித்து எழுதலாம் என்பது அநேகருக்குத் தெரியாது. வரி கட்டவும் வழக்குக்குப் போகவும் மட்டும் கொடுத்தால், பேராசை வந்தாலும் விற்க முடியாது.

முப்பது கிலோ

வான் இரவில் வெளிக்கிடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், பிறகு வவுனியா, அனுராதபுரம், புத்தளம் தாண்டிக் கட்டுநாயக்கா. முன்னர் எல்லாம் ஊரே வானில் ஏறும். இப்போது டீசல் விலையில் நாலைந்து பேர்தான்.

பெட்டியில் என்ன போகலாம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நெய்யும் பால் சேர்ந்த இனிப்பும் ஐரோப்பாவுக்குள் போகக் கூடாது, ஆனால் கருவாடு 20 கிலோ வரை போகலாம். பச்சைக் கறிவேப்பிலை பிடிபடும், காயவைத்து இடித்த தூள் போகும். முழுத் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை. கருவாடு கட்டினால் இரட்டைப் பொலித்தீனுக்குள் உமி போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் பாரைக் கருவாடு மணக்கும். சீனி, பிரசர் குளிசைகளை வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள்.

கூட்டமாகப் போனதும் தனியாகப் போவதும்

வன்னிச் சனத்துக்கு இடம்பெயர்வு புதிதல்ல. சொல்லப்போனால் அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் அப்போதெல்லாம் ஊரே பெயர்ந்தது. பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தில் இந்த வீட்டுச் சட்டிபானை ஏறியது, ஒரே மரத்தின் கீழ் நாலு அடுப்பு எரிந்தது. அழும்போது பக்கத்தில் அழ ஆள் இருந்தது. வெளிநாட்டுக்கு அப்படி இல்லை. ஷெல்லடிக்குள் தாக்குப்பிடித்த ஆள் லண்டனில் ஒரு அறைக்குள் மூன்றாம் மாதம் உடைந்துபோவதைப் பார்த்து வீட்டார் அதிசயப்படுவார்கள். ‘அங்கே என்ன குறை, கரண்ட் போகாது, தண்ணி வரும்’ என்பார்கள். கூட இருந்தவர்களால்தான் அன்றைக்குத் தாக்குப்பிடித்தார் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

முதல் ஒன்றிரண்டு மாதம் புதினத்தில் ஓடும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரைதான் கடினம். குளிர்காலத்தில் போய் இறங்கினால் அது இன்னும் கூடும், மாலை நாலரைக்கே இருட்டும். நித்திரை வராமை, காரணமில்லாத நெஞ்சிடி, வேட்டுச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போவது எல்லாம் பழைய போரின் மிச்சம். பிரித்தானியாவில் நவம்பர் வாணவேடிக்கை நாட்களில் இது கூடும், முதலே தெரிந்திருந்தால் அன்றைக்குத் தனியே இருக்காமல் பார்க்கலாம். குடும்ப வைத்தியரிடம் இதைச் சொல்வதில் வெட்கமில்லை. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், பல நாடுகளில் அதற்குக் காசில்லை. சொந்தக்காரரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனால் வாய் திறவாது.

கலியாணம் கட்டிப் போகும் பெண்ணுக்குத் தனிமை வேறு உருவத்தில் வரும். கணவன் விடிய ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. பஸ் அட்டை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் நான்கு சுவர்தான். போய் இறங்கிய முதல் கிழமையிலேயே மூன்று காரியம் அவளின் பெயரில் நடக்க வேண்டும்: சொந்தப் போன் இலக்கம், சொந்த வங்கிக் கணக்கு, மொழி வகுப்புப் பதிவு. பாஸ்போட்டும் வதிவிட அட்டையும் அவளின் கையில் இருக்க வேண்டும். தங்கமான மாப்பிள்ளை என்றாலும் இது வேண்டும்.

அகதி அந்தஸ்து கிடைத்தவர், விட்டோடி வந்த நாட்டுக்கே திரும்பிப் போனால் அந்த அந்தஸ்தை இழக்கலாம். அவருக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்திலும் பெரும்பாலும் இலங்கை விலக்கப்பட்டிருக்கும். அதனால் தகப்பனின் செத்தவீட்டுக்கு வர முடியாது. கொள்ளிக்குடம் தூக்க மருமகன் நிற்பார், மூத்தவர் போனில் பார்ப்பார். கிளிநொச்சியில் இப்போது செத்தவீட்டுக்குப் பந்தல்காரனைச் சொல்லும்போதே நேரலைக்கும் ஆளைச் சொல்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடியும்வரை அந்தப் போன் ஒரு கதிரையில் வைக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டிப் போகிறவர்கள் குனிந்து ‘தம்பி, சாப்பிட்டியே’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மே மாத நினைவு நாளுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் அதே போன்தான்.

ஊரில் விடப்பட்ட பெற்றோரின் பக்கமும் இருக்கிறது. காசு வரும், மதில் எழும்பும், மாபிள் போடுவார்கள். உள்ளே இரண்டு கிழடுகள், இரவில் யானை வந்தால் வெடி கொளுத்தக்கூட ஆள் இருக்காது. மாதம் அனுப்பும் காசில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கென்று தனியாகக் கொடுப்பது மாபிளைவிடப் பயன். அம்மா போனில் ‘சுகம்’ என்றுதான் சொல்வா. உண்மையைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித்தான் அறிய வேண்டும்.

ரொறன்ரோவுக்கும் முள்ளியவளைக்கும் கோடையில் ஒன்பதரை மணி, மாரியில் பத்தரை மணி வித்தியாசம். லண்டனுக்கு நாலரை, ஐந்தரை. இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரம் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிழமையில் ஒரு நாளானாலும் அதே நேரம். அந்த நேரத்தை விட்டு வேறு நேரத்தில் போன் அடித்தால் எல்லார் மனமும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அதனால் ஊரில் உள்ளவர்கள் ஒரு வழக்கம் பழகியிருக்கிறார்கள். நேரங்கெட்ட நேரத்தில் எடுக்க வேண்டி வந்தால், முதலில் ஒரு குரல் பதிவு போகும்: ‘ஒண்டுமில்லை மோனை, சும்மாதான் எடுக்கிறன்.’ அதற்குப் பிறகுதான் போன் அடிக்கும்.